இதயத் தசை டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: பக்கச் சுவர் கருத்துப் போவது இரைச்சலாலா?

குறுக்குவெட்டு | 2025 ஜனவரி 6, காலை 10.12

3 டெஸ்லா, கிரேடியன்ட் 80 மில்லிடெஸ்லா/மீட்டர். கல்லீரலுக்கு ஓட்டுற அதே ஒற்றைத் துருவ ஸ்பின் எக்கோ இபிஐ (ஒரே வீச்சுல முழுப் படத்தையும் வாசிக்குற வேக வரிசை), ஈசிஜி ட்ரிகர் மட்டும் சேர்த்திருக்கு. பி மதிப்பு (டிஃப்யூஷன் எடை) 0, 400. எக்கோ நேரம் (கிளர்த்துறதுலேர்ந்து எக்கோ வர்ற வரை) 50 மில்லிநொடி. வாக்ஸல் (படத்தோட ஒரு கனப்புள்ளி) 2.5 × 2.5 × 8 மிமீ. நடுச்சுவர் ஓரளவு தெரியுது. பக்கச் சுவர் பி 400 படத்துல கருத்துப் போகுது, எம்டி (சராசரி டிஃப்யூஷன்) வரைபடத்துல அந்த இடத்துல 4, 5 × 10⁻³ மிமீ²/வி காட்டுது. ஆவரேஜ் 8லேர்ந்து 16 ஆக்கியும் மாறல. இரைச்சல் நீக்க எந்த மென்பொருள் நல்லா வேலை செய்யும்?

கே_வெளி | ஜனவரி 6, காலை 11.40

மென்பொருளை இப்போதைக்கு விடுங்கள். 37 டிகிரியில் கட்டற்ற தண்ணீரின் டிஃப்யூஷனே 3.0 × 10⁻³ தான். தசை நாருக்குள் அடைபட்ட தண்ணீர் அதைவிட வேகமாகப் பரவ வழியே இல்லை. 3ஐத் தாண்டும் எந்த எண்ணும் அசைவின் வேலை.

இரைச்சல் இதற்கு நேர்மாறாகத்தான் செய்யும். மேக்னிட்யூட் படத்தில் (குறி இல்லாமல் அளவு மட்டும்) சிக்னல் முழுக்கச் செத்தாலும் மதிப்பு பூஜ்யத்துக்கு இறங்காது, இரைச்சல் சிக்மாவின் (சிதறல் அளவின்) 1.25 மடங்கில் நின்றுவிடும். அதனால் பி 400 படம் உள்ளதைவிட வெளிச்சமாகவும் எம்டி உள்ளதைவிடக் குறைவாகவும் வரும். இரைச்சலே இல்லாத ஸ்கேனராக இருந்தால் உங்கள் 5 இன்னும் ஏறியிருக்கும்.

கே_வெளி | ஜனவரி 6, மதியம் 12.25

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 80 மில்லிடெஸ்லா/மீட்டர், ஒவ்வொரு கிரேடியன்ட் துடிப்பும் 7 மில்லிநொடி, இரண்டின் தொடக்கத்துக்கும் இடையே 20 மில்லிநொடி என்று வைத்தால் ஸ்டெஸ்கால்-டானர் சூத்திரப்படி பி சுமார் 397 வருகிறது. உங்கள் வரிசை கிட்டத்தட்ட இதுதான். இதே கிரேடியன்ட் ஜோடி வேகத்தையும் கட்டமாக (சிக்னலின் ஃபேஸாக) எழுதும்: நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 3000 ரேடியன்.

சுவர் முழுவதும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் கவலையில்லை, கட்டம் மொத்தமாக மாறும், மேக்னிட்யூட் அப்படியே நிற்கும். இதயச் சுவரோ நகர்ந்துகொண்டே சுருங்குகிறது. சுருங்கும் விகிதம் நொடிக்கு 1 என்றால் 2.5 மிமீ வாக்ஸலின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் வேக வித்தியாசம் நொடிக்கு 2.5 மிமீ. அதாவது 7.5 ரேடியன். ஒரு முழுச் சுற்றுக்கும் மேல். மிஞ்சும் சிக்னல் 15 சதவீதம். இந்த இழப்பு மட்டுமே எம்டியில் 4.7 × 10⁻³ஐப் பொய்யாகக் கூட்டும். 8 மிமீ தடிமன் திசையில் வித்தியாசம் 24 ரேடியன், அங்கே எதுவும் மிஞ்சாது.

ஆவரேஜ் ஏற்றியும் மாறாததன் காரணமும் இதுதான். ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் ஏறக்குறைய அதே சுருக்கம், அதே இழப்பு. இல்லாத சிக்னலை 16 முறை சேர்த்தாலும் இல்லாததுதான்.

குறுக்குவெட்டு | ஜனவரி 6, மாலை 4.03

அப்போ அசைவோட வேகம், முடுக்கம் ரெண்டையும் ஈடுசெய்யுற எம்2 வரிசைக்கு மாறணும்னு சொல்றீங்க. அது எங்ககிட்ட ஆராய்ச்சிப் பேக்கேஜா இருக்கு. ஆனா எக்கோ நேரம் 75க்குப் போயிடுது. 3 டெஸ்லாவுல இதயத் தசையோட டி2 (சிக்னல் தேயுற நேரம்) 45 மில்லிநொடி சுற்றித்தானே? சிக்னல் எங்கேர்ந்து வரும்?

கிரேடியன்ட்காரன் | ஜனவரி 6, இரவு 9.18

50இல் 33 சதவீதம் மிஞ்சும், 75இல் 19. போனது நாற்பது சதவீதத்துக்கும் மேல், அதை மறைக்க முடியாது. ஆனால் அந்த 19 சுவர் முழுக்கக் கிடைக்கும். உங்கள் 33 நடுச்சுவரில் மட்டும்தான் இருக்கிறது.

எம்1 போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எம்1 வேகத்தை மட்டும் ஈடுசெய்கிறது, 2007இல் கேம்பர் குழு மனித இதயத்தில் அந்த வழியில் படமெடுத்தார்கள். முடுக்கம் அதில் மிச்சமாக நிற்கும், ஆகவே துடிப்புச் சுழற்சியில் வேலை செய்யும் ஜன்னல் மிகக் குறுகியது. முடுக்கத்தையும் சேர்த்து ஈடுசெய்யும் எம்2 முறையை 2014இல் இங்குயென் குழு டிஃப்யூஷன் முன்தயாரிப்பாகவும், 2016இல் சூரிச்சின் ஸ்டோக் குழு ஸ்பின் எக்கோவிலும் செய்து காட்டினார்கள். ஜன்னல் அகலமானது அதற்குப் பிறகுதான். 80 கிரேடியன்ட் கையில் இருக்கும்போது எம்1இல் நேரத்தைப் போக்காதீர்கள்.

கே_வெளி | ஜனவரி 7, காலை 8.50

எக்கோ நேரத்தைப் பற்றி இன்னொன்று. 75ஐ 60க்குக் கொண்டுவர முடிந்தால் சிக்னல் 1.4 மடங்கு. ஆவரேஜை ஏறக்குறைய இரட்டிப்பதற்குச் சமம், அதுவும் ஸ்கேன் நேரம் ஒரு நொடிகூடக் கூடாமல். எங்கே வெட்டலாம் என்ற தேடலை இபிஐ வாசிப்பில் தொடங்குங்கள். 96 வரி முழுப் பார்வைப் புலத்தை வாசிக்காமல், கட்டத் திசையில் குறுகிய பார்வைப் புலத்தை மட்டும் கிளர்த்தி 48 வரி வாசித்தால் எக்கோ மையத்துக்கு முன்னால் கணிசமான மில்லிநொடிகள் மிச்சம். கைகளும் முதுகுக் கொழுப்பும் மடிந்து வந்து விழும் தொல்லையும் போகும்.

பார்ஷியல் ஃபூரியர் (வரிகளில் ஒரு பகுதியை வாசிக்காமல் விடுவது) 6/8 போட்டும் குறைக்கலாம், நான் பயந்து பயந்துதான் போடுவேன். சுருக்கத்தின் மிச்சக் கட்டம் வாக்ஸலுக்கு வாக்ஸல் சீராக ஏறினால் கே வெளியின் (படமாக்கும் முன் வாசிக்கும் தரவு வெளியின்) மையமே இடம் பெயரும். வாசிக்காத பக்கமாகப் பெயர்ந்தால் அந்த ஷாட் (ஒருமுறை வாசித்த படம்) அங்கே முழுக் கருப்பு. எம்2 ஒழுங்காக வேலை செய்தால் பெயர்ச்சி சிறியது, 7/8 வரை பயமில்லை. மீட்டுருவாக்கத்தில் விடுபட்ட வரிகளை ஊகித்து ஈடுகட்டும் ஹோமோடைன் வேண்டாம், பூஜ்யம் நிரப்புங்கள். ஹோமோடைன் கட்டம் மெதுவாக மாறும் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது, இங்கே அந்த நம்பிக்கை நிற்காது.

ஸ்கேன்அறை | ஜனவரி 7, காலை 11.15

வரிசையை மாற்றும் முன் ட்ரிகரைப் பாருங்க. 3 டெஸ்லாவில் ரத்த ஓட்டம் உண்டாக்கும் மின்னழுத்தம் ஈசிஜியின் டி அலையைத் தூக்கிவிடும், ஸ்கேனர் அதை ஆர் (துடிப்பின் தொடக்கத்தைக் காட்டும் முனை) என்று எடுத்துக்கொள்ளும். பதிவான ஆர்-ஆர் பட்டியலை ஓட்டம் முடிந்ததும் திறந்து பாருங்க. வழக்கமான இடைவெளியின் பாதிக்குக் கீழே எது வந்தாலும் தவறான ட்ரிகர், அந்தப் படங்களை எடுத்துவிடணும். தோலை நன்றாகத் துடைத்து, தேவையானால் முடி மழித்து, நான்கு எலக்ட்ரோடையும் இதயத்துக்கு மேலேயே நெருக்கமாக ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டியபின் உள்ளே தள்ளி சிக்னலைப் பார்க்கணும். வெளியே அழகாக இருந்தது உள்ளே போனதும் மாறும்.

விரல் நுனி பல்ஸ் ட்ரிகர் வேண்டவே வேண்டாம். அலை விரலுக்கு வருவதற்குள் சுருக்கத்தின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கும்.

குறுக்குவெட்டு | ஜனவரி 7, மாலை 5.30

ட்ரிகர் தாமதம் எவ்வளவு வைக்கணும்? 400னு வெச்சிருந்தேன், எல்லா நோயாளிக்கும்.

கே_வெளி | ஜனவரி 7, இரவு 8.44

எல்லாருக்கும் ஒரே எண் வைப்பதுதான் பக்கச் சுவரைக் கொல்கிறது. முதலில் மூன்று அறை சினி (இதயம் துடிப்பதைக் காட்டும் அசைபடம்) ஓட்டி அயோர்ட்டிக் வால்வு மூடும் நேரத்தைக் குறியுங்கள், அதுதான் சிஸ்டோலின் (இதயம் சுருங்கும் பகுதியின்) முடிவு. எம்2 ஸ்பின் எக்கோ சிஸ்டோலின் பிற்பாதியில்தான் நன்றாக நடக்கும். சுருங்கும் வேகம் அப்போது தணிந்திருக்கும், தளர்வு தொடங்கியிருக்காது, சுவரும் தடித்திருக்கும்.

தாமதம் என்பது ஆர் அலையிலிருந்து கிளர்த்தும் துடிப்பு வரை. டிஃப்யூஷன் கிரேடியன்ட் அதற்குப் பின்னும் 60 மில்லிநொடி போல நீள்கிறது. வால்வு 340இல் மூடுகிறது என்றால் 300இல் கிளர்த்தினால் கிரேடியன்டில் மூன்றில் ஒரு பங்கு தளர்வுக்குள் விழும். 230 முதல் 260க்குள் தேடத் தொடங்குங்கள். ஒரே ஸ்லைஸ், பி 450, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசை, 25 மில்லிநொடி படியில் நான்கைந்து தாமதம். ஷாட்டுகளைச் சேர்க்காமல் தனித்தனியாகப் பார்த்து, மூன்று திசையிலும் சுவர் உடையாத தாமதத்தை எடுங்கள். இதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தினால் பின்னால் இருபது நிமிடம் வீண்.

கிரேடியன்ட்காரன் | ஜனவரி 8, காலை 7.20

எம்2 என்று பெட்டிமேல் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க வேண்டாம். டிஃப்யூஷன் கிரேடியன்டின் உந்தங்களை (நிலை, வேகம், முடுக்கத்தைக் கட்டமாக மாற்றும் கூட்டு அளவுகளை) மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு, எக்கோ உண்டாக்கும் 180 டிகிரி துடிப்பின் இருபக்க க்ரஷரையும் (வேண்டாத சிக்னலை அழிக்கும் கிரேடியன்ட்) ஸ்லைஸ் கிரேடியன்டையும் கணக்கில் விட்ட வரிசைகள் உண்டு. சிமுலேட்டரில் முழு அலைவடிவத்தையும் எடுத்து, 180க்குப் பின் குறியை மாற்றி, பூஜ்ய, முதல், இரண்டாம் உந்தங்களை மூன்று அச்சிலும் கூட்டிப் பாருங்கள். வாசிப்பு தொடங்கும் நொடியில் மூன்றுமே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது மேக்ஸ்வெல் புலம், கிரேடியன்டோடு கூடவே வரும் வேண்டாத காந்தப் புலம். எக்ஸ் அச்சில் 80 மில்லிடெஸ்லா/மீட்டர், காந்த மையத்திலிருந்து இசட் திசையில் 10 செமீ தள்ளி இருந்தால் 3 டெஸ்லாவில் கூடுதல் புலம் 454 ஹெர்ட்ஸ். 180க்கு இருபுறமும் சமச்சீரான அலைவடிவத்தில் இது தானே கழிந்துவிடும். எக்கோ நேரத்தைச் சுருக்கக் கணினி உகப்பாக்கித் தரும் சமச்சீரற்ற அலைவடிவங்களில் கழியாது, தனியாகக் கட்டுப்பாடு சேர்த்திருந்தால் தவிர. சமச்சீரற்றதை ஓட்டுகிறவர்கள் லேசர் குறியை மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, இடது வென்ட்ரிக்கிள் நடுவே மையம் விழுகிறதா என்று லோக்கலைசரில் (முதல் வழிகாட்டிப் படத்தில்) சரிபாருங்கள்.

குறுக்குவெட்டு | ஜனவரி 10, மாலை 3.12

எம்2, எக்கோ நேரம் 74, தாமதம் ஆளுக்கு ஏத்த மாதிரி. பக்கச் சுவர் வந்துடுச்சு, எம்டி 1.6 சுற்றி. ஆனா கீழ்ப் பக்கச் சுவர் வளைஞ்சு, சினியில தெரியுற விளிம்புக்கு உள்ள இழுத்த மாதிரி இருக்கு. அங்கயும் அசைவா?

கே_வெளி | ஜனவரி 10, மாலை 6.35

பி 100 படத்திலும் அதே வளைவு இருக்கிறதா? இருந்தால் அது காந்தப் புலச் சீரின்மை. நுரையீரல் காற்றும் பின்பக்கச் சிரையும் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கின்றன.

எவ்வளவு நகரும் என்பதை நீங்களே கணக்கிடலாம். எக்கோ இடைவெளி 0.6 மில்லிநொடி, 48 வரி: கட்டத் திசையில் ஒரு பிக்ஸலுக்கு 35 ஹெர்ட்ஸ். அங்கே 100 ஹெர்ட்ஸ் விலகல் இருந்தால் மூன்று பிக்ஸல், 7 மிமீ. சுவரின் தடிமனே 8 முதல் 10 மிமீ! 96 வரியை கிராப்பா 2இல் (ஒரு வரி விட்டு ஒரு வரி) வாசித்தாலும் அதே 35தான், குறுகிய புலமும் கிராப்பாவும் சேர்ந்தால் 70 ஆகும், நகர்வு பாதியாகும். எஸ்என்ஆரை (சிக்னல்-இரைச்சல் விகிதத்தை) பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஷிம் (காந்தப் புலத்தைச் சீராக்குவது) பெட்டியைத் தானியங்கிக்கு விடாதீர்கள், அது மார்பு முழுவதையும் சரிசெய்யப் பார்க்கும். இடது வென்ட்ரிக்கிளை மட்டும் இறுக்கமாகச் சுற்றி வையுங்கள். டிஃப்யூஷன் எடுக்கும் அதே மூச்சு நிலையில் ஷிம் ஓடட்டும். கொழுப்பு 3 டெஸ்லாவில் 440 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. 35ஆல் வகுத்தால் 12 பிக்ஸலுக்கு மேல், 3 செமீ. ஷிம் கெட்டால் கொழுப்பு அடக்கமும் சேர்ந்து கெட்டு, மார்புக் கொழுப்பு நேராக இதயத்தின் மேல் வந்து விழும்.

ஸ்கேன்அறை | ஜனவரி 10, இரவு 10.02

பி 100 என்று கே_வெளி சொன்னதைக் கவனிச்சீங்களா? கேள்வியில் பி 0 இருந்தது. பி 0வில் நுண்குழாய் ரத்தமும் வெளிச்சமாக இருக்கும், பி கொஞ்சம் ஏறியதும் அது மறையும், அந்த மறைவு எம்டியில் டிஃப்யூஷனாகக் கூடும். குறிப்புப் படத்தை 50 முதல் 100க்குள் வெச்சுக்குங்க. அறைக்குள் இருக்கும் ரத்தமும் கருத்துப் போவதால் உட்சுவர் விளிம்பு வரைவதும் எளிது.

குறுக்குவெட்டு | ஜனவரி 13, காலை 9.40

பி 100ல தெளிவாத் தெரியுது. நேரக் கணக்கு ஒண்ணு. 12 திசை × 4, பி 100 எட்டு, மொத்தம் 56 ஷாட். 3 துடிப்புக்கு ஒண்ணுன்னா 168 துடிப்பு. நேவிகேட்டர் (மூச்சுல உதரவிதானம் எங்க இருக்குனு பார்க்குறது) பாதியைத் தள்ளிடுது, ஆறு நிமிஷம் கிட்ட ஆகுது. துடிப்புக்கு ஒண்ணா எடுக்கலாமா?

கே_வெளி | ஜனவரி 13, மதியம் 1.15

ஒரே ஸ்லைஸுக்கு வேண்டாம். டி1 (காந்தமாக்கல் மீளும் நேரம்) 1200 மில்லிநொடி என்றால் 1 நொடியில் மீள்வது 57 சதவீதம், 3 நொடியில் 92. துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முதல் வகையில் சிக்னல் ஆடும், அந்த ஆட்டம் டிஃப்யூஷன் வேடம் போடும். மூன்று துடிப்பில் மூன்று ஸ்லைஸை மாற்றி மாற்றி எடுங்கள். அதே ஆறு நிமிடத்தில் அடி, நடு, நுனி மூன்றும் கிடைக்கும்.

நேவிகேட்டர் ஜன்னல் 5 மிமீ, ஸ்லைஸ் தொடர்வு 0.6. உதரவிதானம் நகர்வதில் சுமார் பத்தில் ஆறு பங்குதான் இதயம் நகரும் என்ற சராசரி அது, ஆளுக்கு ஆள் மாறும். ஸ்லைஸுக்குக் குறுக்காக நகர்ந்ததை எந்த ரெஜிஸ்ட்ரேஷனும் (படங்களை ஒன்றோடொன்று பொருத்துவது) திருப்பித் தராது, படத்தளத்துக்குள் நகர்ந்ததை மட்டும்தான் சரிசெய்ய முடியும்.

விவரம்_தேடி | ஜனவரி 14, இரவு 7.55

எங்கள் 1.5 டெஸ்லாவில் கிரேடியன்ட் 40தான். எம்2 போட்டால் எக்கோ நேரம் 100ஐத் தாண்டுகிறது. வழியே இல்லையா?

கிரேடியன்ட்காரன் | ஜனவரி 14, இரவு 11.30

ஸ்டீம் (தூண்டிய எக்கோ முறை). 1994, 1995இல் மனித இதயத்தில் முதல் டிஃப்யூஷன் படங்கள் வந்ததே அந்த வழியில்தான், அன்றைய பலவீனமான கிரேடியன்டில். இரண்டு கிரேடியன்ட் துடிப்பும் அடுத்தடுத்த இரண்டு இதயத் துடிப்பில் சுழற்சியின் ஒரே இடத்தில் விழுகின்றன. இடைவெளி முழுவதும் சிக்னல் டி1இல் காத்திருப்பதால் எக்கோ நேரம் 25 போதும். பாதி சிக்னல் பிறவியிலேயே போகும், ஒரு படத்துக்கு இரண்டு துடிப்பு ஆகும். 80 கிரேடியன்டில் எம்2 ஏறக்குறைய இருமடங்கு சிக்னல் தரும். 40இல் எக்கோ நேரம் 105 ஆனதும் இரண்டும் சமமாகிவிடும். இந்த ஒப்பீடு 3 டெஸ்லா டி1, டி2வுக்குப் போட்டது. 1.5இல் டி2 சற்று நீளம், எம்2வுக்குக் கொஞ்சம் சாதகம், முடிவு பெரிதாக மாறாது.

ஸ்டீமில் தவறாமல் செய்ய வேண்டியது: பி மதிப்பை ஷாட்டுக்கு ஷாட் திருத்துங்கள். டிஃப்யூஷன் நேரமே ஆர்-ஆர் இடைவெளி. துடிப்பு 1 நொடியிலிருந்து 0.8க்கு வந்தால் பி 20 சதவீதம் குறைந்துவிட்டது, கோப்பில் பழைய எண்ணே இருக்கும். பி 0 என்று பெயரிட்ட படத்திலும் ஸ்பாய்லர் கிரேடியன்ட் ஒரு நொடி இடைவெளியில் வேலை செய்வதால் உண்மையான பி பூஜ்யம் ஆகாது. அதையும் கணக்கிட்டுச் சேருங்கள்.

கே_வெளி | ஜனவரி 15, காலை 8.10

ஸ்டீம் எண்களையும் ஸ்பின் எக்கோ எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். ஒரு நொடி நேரத்தில் தண்ணீர் செல்சுவர்களை அதிகம் சந்திக்கும், ஆகவே ஸ்டீமில் எம்டி குறைந்தும் எஃப்ஏ (டிஃப்யூஷன் எவ்வளவு ஒரு திசைப்பட்டது என்ற அளவு) கூடியும் வரும். ஒரே ஆளிலேயே இரண்டும் வேறு. இயல்பு அளவை அந்தந்த வரிசையில், அந்தந்த ஸ்கேனரில், ஆரோக்கியமானவர்களிடம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

குறுக்குவெட்டு | ஜனவரி 17, மாலை 4.48

இப்போ இரைச்சல் நீக்கம் கேட்கலாமா? சுவர் முழுக்க சிக்னல் இருக்கு, ஆனா ஹெலிக்ஸ் கோணம் (தசை நாரோட சாய்வு) புள்ளி புள்ளியா சிதறுது.

கே_வெளி | ஜனவரி 17, இரவு 9.05

இப்போது கேட்கலாம். பி 100இல் ஒற்றை ஷாட் எஸ்என்ஆர் 10 என்றால் பி 450இல் சுமார் 6. நார் திசையில் டிஃப்யூஷன் 2.2 போல, அங்கே 4.6. பி 600க்கு ஏற்றினால் 3.3, எக்கோ நேரமும் நீளும். 450இல் நில்லுங்கள்.

மேக்னிட்யூடைச் சேர்த்தால் இரைச்சலின் சிதறல் குறையும், முன்பு சொன்ன 1.25 சிக்மா தரை இறங்காது. காம்ப்ளெக்ஸ் தரவை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டின் மெதுவான கட்டத்தையும் கழித்து, மெய்ப்பகுதியைச் சேருங்கள். தரை அப்போதுதான் போகும்.

எதை முதலில் செய்வது என்பது முக்கியம். மார்ச்சென்கோ-பாஸ்தூர் முறை (நீங்கள் கேட்ட இரைச்சல் நீக்கம்) முதலில், எந்த இடைச்செருகலும் தொடாத தரவில். ஸ்கேனர் 2.5ஐ 1.25 ஆக நிரப்பிக் கொடுத்த படத்தில் அதை ஓட்டினால் இரைச்சல் பக்கத்துப் பிக்ஸலோடு தொடர்பாகிவிட்டிருக்கும், முறையின் அடிப்படையே விழும். பிறகு உடைந்த ஷாட்டுகளை நீக்குவது, பிறகு நகர்த்தி ஒட்டுவது, கடைசியில் டென்ஸர் (திசைவாரி டிஃப்யூஷன் கணக்கு). ஒட்டுவதற்குத் தளத்துக்குள் ரிஜிட் போதும். வளைத்து நீட்டும் ரெஜிஸ்ட்ரேஷன் சிக்னல் செத்த இடத்தைப் பார்த்துவிட்டு சுவர் மெலிந்தது என்று நினைத்து இழுக்கும்.

ஸ்கேன்அறை | ஜனவரி 18, காலை 10.26

தரம் பார்க்க நான் பார்ப்பது: சுவருக்குள் எம்டி 3ஐத் தாண்டிய வாக்ஸல் எத்தனை, டென்ஸரின் ஐகன் மதிப்பு (முக்கியத் திசைகளில் டிஃப்யூஷன்) எதிர்மறையானது எத்தனை, ஹெலிக்ஸ் கோணம் உட்சுவரில் நேர்மறை 60 பக்கமிருந்து வெளிச்சுவரில் எதிர்மறை 60 பக்கம் வரை சீராக இறங்குதா. நோயாளியிடம் மூன்றாவது மாறலாம், முதலிரண்டு மாறக் கூடாது.

மாதம் ஒரு தரம் பனிக்கட்டி-தண்ணீர் ஃபாண்டம் (சோதனைக் குடுவை), பொய் ஈசிஜியோடு. 0 டிகிரியில் 1.1 × 10⁻³ வரணும், மூன்று அச்சிலும். ஒரு அச்சு மட்டும் விலகினால் எடி கரன்ட் அல்லது கிரேடியன்ட் அளவீடு. கட்டி முழுசாக உருகாமல் இருக்கணும், குழாய் குளிர்ந்து நிலைக்க ஒரு மணி நேரம் விடுங்க.

விவரம்_தேடி | ஜனவரி 20, மாலை 6.17

ஸ்டீம் ஓடியது, நன்றி. கடைசி வரிசையாக, கடோலினிய ஊசிக்குப் பிறகு வைத்திருந்தேன். சிக்னல் மிகக் குறைவு.

கிரேடியன்ட்காரன் | ஜனவரி 20, இரவு 8.40

மருந்துக்குப் பின் தசையின் டி1 450 அளவுக்கு இறங்கும். ஒரு நொடி காத்திருப்பில் மிஞ்சுவது 11 சதவீதம், மருந்தில்லாமல் 1.5 டெஸ்லாவில் 37. லோக்கலைசர், சினி, ஷிம், டிஃப்யூஷன், அதன் பிறகு ஊசி.